செஞ்சி ஓவிய முகாமுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள செஞ்சி மக்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை விடிந்ததும் நம் மலையடிவாரத்தில் வெளிப்புற ஆயில் பெயிண்டிங் முகாம் தொடங்குகிறது. முகாம் முடியும்வரை காத்திருக்க மனமில்லை. இந்த ஏற்பாடுகளில் பாதிக்கு மேல் தூரிகையே பிடிக்காதவர்கள் செய்து தந்தவை.

திருவண்ணாமலை சாலையோரம் கழனி வைத்திருக்கும் பெரியவருக்கு முதல் நன்றி. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையும் கிருஷ்ணகிரி மலையும் ஒருசேரத் தெரியும் இடம் தேடி அலைந்துகொண்டிருந்தோம். "அறுப்பு முடிஞ்ச நெலம்தானே, வரப்பை மட்டும் ஒடச்சிடாதீங்க" என்று சொல்லி, மல்லாட்டை (வேர்க்கடலை) விதைப்பையே எங்களுக்காகத் தள்ளிவைத்தார். வெயில் ஏறிவிட்டால் பாறையெல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும் என்று சொன்னவரும் அவர்தான். அந்தக் குண்டுப் பாறைகளுக்கு உருவம் கொடுப்பதே நிழல். அதனால் வகுப்பைக் காலை 6.30 முதல் 9 வரை, பிறகு மாலை 4 மணிக்கு மேல் என்று மாற்றிவிட்டோம்.

அடுத்து தச்சர் அண்ணன். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணம் அடைக்கும் தகர டியூபைக் கண்டுபிடித்தார். அதுவரை ஆயில் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித்தான் வைத்திருந்தார்கள். டியூப் வந்ததும் வண்ணத்தை வெளியே எடுத்துப்போவது சுலபமானது. ஆனால் வரைந்த படத்தைத் திரும்பக் கொண்டுவருவது இன்றும் பெரிய பாடு. ஆயில் வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகும். தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வரவே நாட்கள் ஆகும். அண்ணன் மீந்த பிளைவுட்டில் விரலிடை விட்டுக் காடி (பலகை செருகும் பள்ளம்) எடுத்துப் பெட்டிகள் செய்திருக்கிறார். படம் வரையும் 10க்கு 12 அங்குலப் பலகைகள் ஒன்றையொன்று உரசாமல் நிற்கின்றன. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற போர்டு ஆர்ட்டிஸ்ட் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? பலகைகளுக்கு ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசி, அதன்மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை மெலிதாகத் தேய்த்துத் தந்தார். வெறும் வெள்ளைப் பரப்பு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும், நிறத்தின் அடர்த்தி பிடிபடாது. பலகைமேல் நேர் வெயில் விழுந்தால் நம்மையறியாமல் எல்லாவற்றையும் அடர்த்தியாகப் போட்டுவிடுவோம், அறைக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். பலகையும் வண்ணத்தட்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் நிறுத்திக் காட்டினார். சுவர்களிலும் பேனர்களிலும் அத்தனை வருடம் வெயிலில் நின்று வேலை பார்த்தவருடைய அறிவு அது. எந்த வகுப்பறையிலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைத்ததில்லை. முதல் நாள் காலைப் பாடத்தை அவரே எடுக்கிறார்.

நிழல் என்றதும் தையற்கடை அக்கா. கலர் குடையின் கீழ் நின்றால் குடையின் நிறம் வண்ணத்தட்டிலும் விழும். அதற்காக வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு என்று குடைத் துணிகளை மாற்றித் தைத்தார். தூரிகை துடைக்க காட்டன் வெட்டுத்துணி மூட்டையும் அவர் தந்ததே. எண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மாணவர்களே, இதை விளையாட்டாக நினைக்க வேண்டாம். துடைத்த துணிகளைத் தண்ணீரில் போட்டு மூடிவைக்க, மளிகைக்கடைக்காரர் மூடியுள்ள தகர டின்கள் கொடுத்திருக்கிறார்.

குரங்குகளிடமிருந்து சாப்பாட்டைக் காப்பாற்ற வழி சொன்ன டீக்கடை அண்ணனுக்கும், தங்க இடம் கொடுத்த பள்ளித் தலைமையாசிரியருக்கும், டெம்போ ஓட்டும் தம்பிக்கும் நன்றி.

ஞாயிறு மாலை பள்ளி வராண்டாவில் படங்களை ஈரத்தோடு வைக்கிறோம். நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். பிள்ளைகளின் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
முகாம் ஒருங்கிணைப்பாளர்