சாம்பார் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

விடுதியில் பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி என்றதும் எல்லோரும் போய் நிற்பது சாம்பார் அண்டா முன்னால்தான். போன வருடம் ஓய்வு பெறும்வரை காப்பாளராக இருந்த நானும் அப்படித்தான் நின்றேன்.

ஒரு ஞாயிறு இரவு மாடிப்படியில் ஒரு பையன் வாந்தி எடுத்தான். கூட இருந்தவனே சாக்கைப் போட்டுத் துடைத்து, பினாயில் ஊற்றினான். செவ்வாய் இரவுக்குள் பதினோரு பேர் படுத்துவிட்டார்கள். அதில் மூவர் திங்கள் காலைதான் ஊரிலிருந்து வந்தவர்கள். செவ்வாய்வரை வீட்டுக் கட்டுச்சோறு! எல்லோரும் பிடித்தது அந்தப் படிக்கட்டுக் கைப்பிடியை. சோதனை எதுவும் செய்யவில்லை. அறிகுறியையும் வேகத்தையும் பார்த்து, நோரோ வைரஸாக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

2021 நவம்பரில் வயநாட்டின் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களைத் தாக்கியபோதுதான் இந்தப் பெயரை நான் பேப்பரில் முதலில் பார்த்தேன். புது வைரஸ் அல்ல. 1968இல் அமெரிக்காவின் நார்வாக் ஊர்ப் பள்ளி ஒன்றில் பரவியதால் வந்த பெயர். உடம்புக்குள் போன 12 முதல் 48 மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கும்; சில பத்து வைரஸ் துகள்களே போதும். கொரோனாவுக்குப் பிறகு வாசலுக்கு வாசல் வைத்த சானிடைசர் இதை அவ்வளவாக அசைக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாந்தி பட்ட இடத்துக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல்.

எங்களுக்கு இரண்டாம் சுற்றும் வந்தது. புதன்கிழமை சமையல்கார அம்மாவுக்கும் வாந்தி. வியாழன் நின்றது, வெள்ளி வேலைக்கு வந்துவிட்டார். அன்று மதியம் தயிர்சாதம், கையால் பிசைந்தது. சனிக்கிழமை இன்னும் ஏழு பேர். கொதிக்கும் சாம்பாரில் வைரஸ் பிழைப்பது கஷ்டம்; அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கைபடும் தயிர்சாதம், சட்னி, நறுக்கிய வெள்ளரிக்காயில்தான் ஆபத்து. வாந்தி, பேதி நின்ற பிறகும் 48 மணி நேரமாவது சமையல் பக்கம் வரக்கூடாது. அதற்கு மேலும் இரண்டு வாரம்கூட மலத்தில் வைரஸ் வெளியேறுமாம்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நாள் கூலி, வராத நாளுக்குக் காசில்லை. இனி இப்படி வந்தால் இரண்டு நாள் கூலியோடு வீட்டில் இருக்கச் சொல்லலாமா என்று நிர்வாகத்தைக் கேட்டேன். அப்படிச் செலவெழுதத் தலைப்பு இல்லை என்றார்கள். அதே வாரம் சானிடைசர் பில் மட்டும் மறுபேச்சில்லாமல் பாஸானது.

— ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர், திண்டுக்கல்