ஒற்றை அடுப்புக்குப் பலகாரம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. மற்றதை அண்ணன் சொல்லியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை குட்டியிடம் பேசினேன். நீ போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டாய். பலகாரம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "பாக்கெட் பிஸ்கட் அப்புச்சி" என்றாள். அம்மா கேக் சுட்டுத் தரவில்லையா என்றேன். "இந்த வீட்டில் ஓவன் இல்லை. ஒரே ஒரு கரண்ட் அடுப்புதான் இருக்கிறது" என்றாள். புதுப் பள்ளிக்கூடத்துக்கு வேன் கிடையாது, நடந்தே போகிறோம் என்றாள். அதற்குமேல் நான் ஒன்றும் துருவவில்லை. பிள்ளையைத் திட்டாதே. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

ஓவன் இல்லாதது ஒரு குறையே இல்லை, அம்மிணி. பாதி ஆயுளை பேக்கரி அடுப்பின் முன்னால் கழித்தவன் சொல்கிறேன். ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய பலகாரம் எத்தனையோ இருக்கிறது. பாத்திரம்தான் பொருந்த வேண்டும். உன் கரண்ட் அடுப்பு இண்டக்ஷன் வகையாகத்தான் இருக்கும், அதில் அலுமினியமும் பித்தளையும் சூடேறாது. காந்தத்தை அடியில் வைத்துப் பார், ஒட்டினால் அந்தப் பாத்திரம் ஆகும். அம்மாவின் பழைய பணியாரக்கல்லைக் கட்டி அனுப்பலாம் என்று எடுத்தேன். இரும்புதான், ஆனால் அடியில் குழி குழியாக இறங்கியிருக்கிறது, அடுப்பில் படியாது. அடி தட்டையான இரும்பு வாணலி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடுப்பைத் தரையில் வைத்துச் சமைக்காதே. வயர் தொங்கினால் குழந்தை கால் மாட்டி இழுத்துவிடுவாள். மேசை இல்லையென்றால் சொல், அதற்கும் வழி செய்யலாம்.

முதலில் எள்ளுருண்டை செய். பாகு காய்ச்சிப் பிடிக்கிற உருண்டை இப்போது வேண்டாம். வெல்லப்பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு வேகும், ஆறு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை. எள்ளைக் கழுவி, உலர்த்தி, வெறும் வாணலியில் வறு. படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடு. கொஞ்சம் தாமதித்தாலும் கசந்துவிடும். ஆறியபின் மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டு, நாட்டுச்சர்க்கரையைச் சேர்த்து இன்னொரு சுற்று. எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். அரைபடும்போது அதுவே கசிந்து மாவைப் பிடித்துக்கொள்ளும். பாகும் வேண்டாம், நெய்யும் வேண்டாம். உருண்டை பிடிக்கிற வேலையைக் குட்டியிடம் கொடுத்துவிடு. சிறியதும் பெரியதுமாகத்தான் பிடிப்பாள், நீ அதைத் திருத்தாதே.

நாட்டுச்சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்து வந்திருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானத்தார் வந்து வாங்குகிற அதே சர்க்கரை. அங்கே கடைகளில் மஞ்சளாகப் பளபளவென்று கட்டி வெல்லம் விற்பார்கள், அதை வாங்காதே. நல்ல சரக்கு கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும்.

அடுத்தது கேக். ஓவன் இல்லாமல் கேக்கா என்று குட்டி கேட்பாள். இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கலாம் என்று அப்புச்சி சொன்னதாகச் சொல். ஒரு டம்ளர் கோதுமை மாவு, அரை டம்ளர் நாட்டுச்சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், நன்றாகக் கனிந்த கதலிப் பழம் இரண்டு, அரை டம்ளர் பால், கால் டம்ளர் எண்ணெய். பேக்கிங் பவுடர் பழையதாக இருந்தால் கொஞ்சம் சுடுதண்ணீரில் போட்டுப் பார், நுரைத்தால் போடு, இல்லையென்றால் தூக்கி எறி. பழத்தைப் பிசைவது குட்டியின் வேலை. மாவைக் கொட்டியபின் ரொம்பக் கலக்கக் கூடாது, கோதுமைக்குப் பசை ஏறிக் கேக் அழுத்தமாகிவிடும். எண்ணெய் தடவிய போசியில் ஊற்றி, மூடியில் துணி கட்டி வை. துணி இல்லாவிட்டால் ஆவித் தண்ணீர் சொட்டி மேலெல்லாம் குழைந்துபோகும். அரை மணி நேரம் கழித்துக் குச்சியால் குத்திப் பார்.

பானைத் தண்ணீரில் ஒரு நாணயத்தைப் போட்டு வை. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்காருகிற காவல் வேலையையும் குட்டியிடமே கொடு. அரை மணி நேரம் போனை மறந்துவிடுவாள்.

இந்தக் கேக்கின் மேல்புறம் சிவக்காது. ஆவியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, சிவப்பதற்கு அதைவிட எவ்வளவோ அதிகம் வேண்டும். வெளுப்பாக வந்துவிட்டதே என்று நீ வருந்துவாய். உன் குணம் எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் இரவெல்லாம் சாப்பிடாமல் கிடப்பவள். வெளுப்பாக இருந்தாலும் கேக் கேக்தான்.

நீ சாப்பிடுகிறாயா? குட்டிக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்று படுத்துவிடாதே. காலையில் சாப்பிடாமல் ஆபீசுக்குப் போகாதே.

கச்சாயம் செய்து தரச் சொல்லிக் குட்டி உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மாயி கைக்கச்சாயம்தான் வேண்டுமாம். பச்சரிசியை ஊறவைத்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் கெட்டியாக அரைக்கிற பக்குவம் உனக்குத் தெரியும், அதை நான் எழுத வேண்டியதில்லை. கரண்ட் அடுப்பில் எண்ணெய் சட்டென்று காய்ந்துவிடும். வெளியே கறுத்து உள்ளே வேகாமல் நிற்கும், ஆகையால் சூட்டைக் குறைத்தே வை. எண்ணெய் வைத்த பிறகு குட்டி அடுப்புப் பக்கம் வரக் கூடாது. ஏலக்காய் உரிக்கட்டும், ஆறியதை வட்டலில் அடுக்கட்டும், அது போதும்.

உனக்கு அவள் வயது இருக்கும்போது கடைக்கு வந்து முக்காலியில் ஏறி நிற்பாய். பன் தட்டு அடுப்புக்குள் போகும்முன் டூட்டி ஃபுரூட்டி வைக்கிற வேலை உன்னுடையது. பையன்கள் ஒரு பிடி அள்ளித் தூவிவிட்டுப் போவார்கள். நீ ஒவ்வொரு பன்னுக்கும் நடுவில் ஒரு சிவப்பு, சுற்றிலும் பச்சை என்று விரல் நுனியால் அழுத்தி அழுத்தி வைப்பாய். பப்பாளிக்காயைச் சர்க்கரையில் ஊறவைத்துத்தான் இதைச் செய்கிறார்கள் என்று நான் சொன்னபோது ஒரு வாரம் நம்பவில்லை. அந்தத் தட்டுப் பன்னைத்தான் முதலில் கேட்டு வாங்குவார்கள். அடுப்புச் சூட்டுக்கும் சத்தத்துக்கும் பயந்து ஒதுங்கி நின்ற பிள்ளை இல்லை நீ. இன்று பெரிய கம்பெனியில் இத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறாய் என்று கடைக்கு வருகிறவர்களிடம் இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவ்வளவு தைரியம் உள்ளவள் வீடு மாறியதை அப்பனிடம் சொல்ல மட்டும் ஏன் தயங்க வேண்டும்? பாரியூர் தேருக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. சித்திரை விடுமுறைக்குக் குழந்தையையாவது அனுப்பு என்றேன், அதற்கும் பதில் இல்லை. உன் பெரியம்மா இரண்டு தடவை விசாரித்துவிட்டாள். அம்மிணிக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சொந்தபந்தத்துக்குப் பதில் சொல்லுகிற பாரம் எங்களோடு இருக்கட்டும், நீ அதை நினைத்து ஊருக்கு வராமல் இருக்காதே.

மேலறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஜன்னல் கொக்கியையும் மாற்றியாயிற்று. நம் வீதிமுனைப் பள்ளிக்கூடத்தில் நடுவிலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்களாம். காதில் விழுந்தது, எழுதினேன்.

ஆடி முதல் நாள் வருகிறது. உன் அம்மா பிறந்த பவானிப் பக்கத்து வழக்கத்தை விடக் கூடாது என்று இப்போதே தேங்காய் பார்க்கிறாள். குட்டி இதுவரை தேங்காய் சுட்டதே இல்லை. நல்ல முற்றலாகப் பார்த்து, நார் ஒன்றுகூட இல்லாமல் உரித்து, கல்லில் தேய்த்து வழவழப்பாக்கி வைப்பேன். மூன்று கண்ணில் மெல்லிய கண் எது என்று அவளே விரலால் தேடிக் கண்டுபிடிக்கட்டும், முளை வெளியே வருகிற கண் அதுதான். அதைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள், வெல்லம் எல்லாம் போட்டு, வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சில் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசித் தருவேன். வாசலில் தீ மூட்டி எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நின்று சுடுவார்கள். ஓடு கறுத்து விரிசல் விட்டு, உள்ளே வெல்லம் உருகுகிற வாசனை வந்தால் பதம். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால் பூரணம் தேங்காய்ப் பருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்ய முடியாது, இதற்கு இங்கேதான் வர வேண்டும்.

நீ வர முடியாவிட்டால் நான் வந்து அழைத்து வருகிறேன். சத்தியமங்கலத்தில் விடிகாலை பஸ் ஏறித் திம்பம் மலைப்பாதை வழியாக வந்தால் பொழுதிருக்கவே பெங்களூர் வந்துவிடலாம். அந்த இருபத்தேழு வளைவும் எனக்குத் தலை சுற்றாது. இரவில் காட்டுவழியை அடைத்துவிடுவதால் பகலில்தான் புறப்படுவேன். உன்னிடம் எதையும் கேட்க மாட்டேன். நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் அழைத்து வருவேன்.

காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. எண்ணெய் வைத்தால் குட்டியைத் தள்ளி நிறுத்து.

புதன்கிழமை பார்சல் போடுகிறேன். வாணலி, நாட்டுச்சர்க்கரை, எள், ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய், கொஞ்சம் கச்சாயம். எந்த முகவரிக்குப் போடுவது என்று எழுது. தபாலில் போட முடியாமல்தான் இந்தக் கடிதத்தைப் போனில் படமெடுத்து அனுப்புகிறேன். அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கும் சேர்த்துக் கச்சாயம் கட்டுவதுதான் வழக்கம். இந்தத் தடவை எத்தனை பேருக்குக் கட்டட்டும் என்று உன் அம்மா கேட்கிறாள். அதையும் எழுது.

அன்புடன்,
அப்பா