30 சிறுவிடைக் கருமுட்டையில் ஒரே ஒரு குஞ்சு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
கருமுட்டை வாங்கிய வாடிக்கையாளர்,
மணப்பாறை வட்டம், திருச்சி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நாட்டுக்கோழிக் கருமுட்டை விற்பனைப் பிரிவு.

பொருள்: பழைய, கரு கூடாத முட்டைகளைக் கருமுட்டை என்று அனுப்பியது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

மே 3-ஆம் தேதி உங்களிடம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தின் கருமுட்டை, அதாவது குஞ்சு பொரிக்க வைக்கும் முட்டை, 30 கேட்டு, முட்டை 30 ரூபாய் வீதம் 900 ரூபாயும் பார்சலுக்கு 180 ரூபாயும் கட்டினேன். பொரித்தது ஒரு குஞ்சு. போன் செய்து சொன்னதற்கு, "பொரிப்புக்கு கேரண்டி கிடையாது சார், உங்க மெஷின்ல கரண்ட் போயிருக்கும்" என்று உங்கள் ஊழியர் வைத்துவிட்டார். அதனால்தான் இதை எழுத்தில் தருகிறேன்.

பார்சலில் வரும் முட்டை வீட்டு முட்டை மாதிரி பொரிக்காது என்பது எனக்கும் தெரியும். பாதி பொரித்திருந்தால்கூட வாய் திறந்திருக்க மாட்டேன். ஆனால் முட்டை எத்தனை நாள் பழசு, சேவல் சேர்ந்த முட்டையா, அதை எப்படிக் கட்டுகிறீர்கள் என்ற மூன்றும் முழுக்க உங்கள் கையில் இருப்பவை. மூன்றிலும் தவறியிருக்கிறீர்கள்.

பெட்டி மே 11 மதியம் வந்தது. அடியில் ஒரு பிடி உமி, மேலே கசக்கிய செய்தித்தாள், அவ்வளவுதான். கூர்முனை கீழே இருக்க அடுக்க வேண்டிய முட்டைகள் கண்டபடி உருண்டு கிடந்தன. நான்கு விரிசல் விட்டிருந்தன. மீதியை டார்ச் அடித்துப் பார்த்தேன். அகல முனையில் அசையாமல் இருக்க வேண்டிய காற்றறை, வழியில் குலுங்கியதால் பல முட்டைகளில் ரசமட்டக் குமிழி போல அங்குமிங்கும் ஓடியது. உமியை அள்ளிப் போட எவ்வளவு செலவாகியிருக்கும்?

ஒரு முட்டையில் பென்சிலால் "22/4" என்று எழுதியிருந்தது. அழிக்க மறந்திருக்கிறீர்கள். அப்படியானால் என் கைக்கு வரும்போது அதற்கு வயது 19 நாள். இட்ட ஏழு நாளுக்குள் அடை வைக்க வேண்டும் என்று எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வார். அதுவும் கத்திரி வெயிலில், வண்டிக்குள் வெந்துகொண்டு வந்த முட்டை. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு செத்துப்போகும். மே மாதத்தில் அனுப்புவதில்லை என்று நீங்களே சொல்லியிருந்தால் ஆடி வரை காத்திருந்திருப்பேன்.

விரிசல் விட்ட நான்கையும் வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். கரு கூடிய முட்டை என்றால் மஞ்சள் கருவின் மேல் வட்டமாக ஒரு வளையம் தெரியும். ஒன்றில்தான் தெரிந்தது. மூன்றில் ஓரம் ஒழுங்கில்லாத சிறு வெள்ளைப் புள்ளி மட்டுமே. கடையில் வாங்கும் முட்டையில் இருப்பது போலத்தான். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மீதி 26 முட்டையை ஒரு நாள் அசையாமல் வைத்து, மே 12 மாலை 16-ஐ இன்குபேட்டரிலும் 10-ஐ அடைக்கோழியிடமும் வைத்தேன். அதே இன்குபேட்டரில் அதே நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் 12 முட்டையும் இருந்தன. ஏழாம் நாள் பார்த்தபோது உங்கள் 26-இல் 18 வெறும் முட்டை, ஐந்தில் கரு வளரத் தொடங்கிச் செத்ததைக் காட்டும் இரத்த வளையம், மூன்றில் மட்டுமே கரு உயிரோடு வளர்ந்து நரம்போடியிருந்தது. கடைசியில் ஒன்று பொரித்தது. அக்காவின் 12-இல் 10 பொரித்தன. கரண்ட் போயிருந்தால் அவருடையது மட்டும் எப்படிப் பொரிக்கும்?

போன வருடம் வெள்ளைக்கழிச்சல் நோயில் எங்கள் வீட்டுக் கோழிகள் மொத்தமும் போய்விட்டன. பழைய சிறுவிடை இனத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதற்காகவே அடைக்கோழி ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். கூடையில் மணல் பரப்பி, இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடக் கூடாது என்ற நம்பிக்கையில் இரும்புத்துண்டும் கரியும் வைத்து, அம்மாதான் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அந்தக் கோழி 21 நாளும் இறங்கவில்லை. இரை எடுக்கக் கால் மணி நேரம் போகும், திரும்ப ஓடி வந்து உட்காரும். இளைத்துக் கொண்டை வெளுத்துப்போயிற்று. அதன் அடியில் ஒரு குஞ்சுகூட வரவில்லை. அக்கா தந்த நான்கு குஞ்சுகளை இரவில் அதன் இறக்கைக்குள் நுழைத்துவிட்டோம். ஏற்றுக்கொண்டது.

கட்டிய 1080 ரூபாயையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மாற்று முட்டை வேண்டாம். இனிமேல் ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியை எழுதி அனுப்புங்கள், கோடையில் பார்சல் எடுப்பதை நிறுத்துங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். பணம் கட்டிய ரசீதையும், பெட்டி, தட்டு, பென்சில் தேதி ஆகியவற்றின் படங்களையும் இணைத்துள்ளேன். அந்த 22/4 முட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்