பின்வளவில் கிடக்கும் டயர் யாருடையது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் டயர் கடை, பஞ்சர் கடை, கராஜ் உரிமையாளர்களுக்கும் அவர்களின் சங்கங்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

வாடிக்கையாளர் புது டயரைப் பூட்டிக்கொண்டு பழையதை உங்களிடமே விட்டுவிட்டுப் போகிறார். அந்த நிமிடத்திலிருந்து அது உங்கள் டயர். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், தண்ணீர் தேங்கும் பொருட்களை அகற்றும் பொறுப்பை வளவின் சொந்தக்காரர் அல்லது அதில் இருப்பவர் தலையிலேயே வைக்கிறது. பாவித்த டயரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. “கஸ்டமர் விட்டுப்போனது” என்ற பதில் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) எடுபடாது.

“பரிசோதனைக்கு வருகிறார்கள்” என்று கேள்விப்பட்டதும் டயரைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிடுவதுதான் பெரும்பாலான கடைகளில் நடக்கிறது. அது அரைவேலை. டெங்கு நுளம்பு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டயரின் உட்சுவரில். ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறினால் பொரிக்கும். பத்து நாளுக்குள் நுளம்பாகிப் பறக்கும். ஆகவே உட்புறத்தைத் தும்பு பிரஷ்ஷால் உரசிக் கழுவ வேண்டும். இன்னும் நல்லது, முதலிலேயே நனையாமல் வைப்பது. படங்கு போட்டு மூடுவோர் ஒன்றைக் கவனியுங்கள்: நடுவில் படங்கு தொய்ந்தால் அதுவே குளமாகிவிடும். ஒரு பக்கம் சரிவாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் தகரக் கொட்டில் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, கழற்றிய அன்றே தரம் பிரிப்பது. மாதக் கடைசியில் பிரிக்கலாம் என்று குவித்தால் நல்ல டயரும் கெட்டுவிடும். ரீபில்ட், அதாவது தேய்ந்த மேற்பரப்பில் புது ரப்பர் ஒட்டும் வேலைக்குப் போகக்கூடிய லொறி, பஸ் டயரைத் தனியே எடுங்கள். ரிம்மில் பிடிக்கும் ஓரக்கம்பி உடையாமல், பக்கச்சுவர் வெட்டில்லாமல், வீக்கமில்லாமல், தேய்மானம் உள்ளே கம்பி தெரியும் மட்டும் போகாமல் இருக்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமை செய்தது. இந்த டயர்களுக்குள் மழைத்தண்ணீர் நின்றால், சிறு வெட்டு வழியே இறங்கி உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரீபில்ட் பண்ணிய பிறகுதான் ரப்பர் கழன்று வரும். நுளம்புச் சட்டத்துக்குப் பயந்து காய வைத்தாலும் சரி, விலைக்காகக் காய வைத்தாலும் சரி, வேலை ஒன்றுதான்.

ரீபில்டுக்கு உதவாததை வெட்டுங்கள். கார் ரேடியல் டயரின் பக்கச்சுவரில் எஃகு இல்லை, நூல்தான். கூரிய கத்தியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து வெட்டினால் ஒரு பக்கம் வட்டமாகக் கழன்று வரும். மீதியை வெட்டுவாய் நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் நிற்காது. பக்கச்சுவரிலும் எஃகுக் கம்பி உள்ள லொறி டயரில் கத்தி இறங்காது. அதற்குத் துளைதான் வழி. படுத்துக் கிடந்தால் தண்ணீர் கீழ்ப் பக்கச்சுவரில் நிற்கும், நிமிர்ந்து நின்றால் தரையைத் தொடும் இடத்தில். இரண்டு இடத்திலும் துளை வேண்டும், அரை அங்குலத்துக்குக் குறையாமல். ஆணித் துளையை ரப்பர் தானே மூடிக்கொள்ளும். வாழைச்சேனையிலும் ஒலுவிலிலும் தோணிக்கு அணைப்பாகத் தொங்கும் டயருக்கும் இதே விதிதான்.

இனி, யாருக்குக் கொடுப்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். “சும்மா தாங்க, ஏத்திட்டுப் போறம்” என்று வரும் லொறிக்குக் கொடுத்தால் இடம் வெறுமையாகும். டயர் செங்கல் வாடி அடுப்புக்குள் போனதா, வாய்க்கால் ஓரம் கொட்டப்பட்டதா என்பது உங்களுக்குத் தெரியாது. எடுப்பவரின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரப் பிரதியை வாங்கி மூன்று விடயம் பாருங்கள்: அதில் எழுதிய தொழில் டயர் சம்பந்தப்பட்டதா, முகவரி எது, காலாவதித் திகதி எப்போது. பிறகு ஒரு கொப்பியில் திகதி, அளவு, எண்ணிக்கை, எடை, லொறி இலக்கம், பெற்றவர் கையொப்பம். இவ்வளவு போதும்.

அனுமதியுள்ளவரின் லொறி உங்கள் கடைக்கு வராததற்குக் காரணம், டயருக்குள் இருக்கும் வெற்றிடம். முழு டயரை ஏற்றினால் ஒரு கனமீற்றர் இடத்தில் 100 முதல் 150 கிலோதான் அடங்கும். 20 கனமீற்றர் பெட்டி 3 தொன் ஆவதற்குள் நிரம்பிவிடும். கழிவு எரிக்கும் சிமெந்துச் சூளை உள்ள புத்தளத்துக்கு மட்டக்களப்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். அந்தச் சூளையில் டயர் நிலக்கரிக்குப் பதிலாக எரியும், கம்பியும் கிளிங்கருக்குள் (அரைத்தால் சிமெந்தாகும் கட்டிக்குள்) இரும்பாகச் சேர்ந்துவிடும். ஆனால் வாடகை கட்டாது. நாளுக்கு 5 கார் டயர் கழற்றும் கடையில் 26 நாளில் 130 சேரும், கிட்டத்தட்ட ஒரு தொன். தனிக்கடையால் லொறி நிரம்பாது. பத்துக் கடை சேர்ந்து, பெரியதுக்குள் சிறியதைச் சொருகி, வெட்டியதை அடுக்கி ஏற்றினால் நிரம்பும். காத்தான்குடி–ஆரையம்பதிக்கு ஒன்று, கல்முனை–சாய்ந்தமருதுக்கு ஒன்று எனச் சேகரிப்பு வளவு தாருங்கள் என்று சங்கங்கள் உள்ளூராட்சி சபைகளிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

அந்த வளவில் குவியல் ஆறடிக்கு மேல் போகக்கூடாது. குவியல்களுக்கிடையே ஆள் போகும் பாதை விடுங்கள், வெல்டிங் வேலைக்கும் மின்கம்பிக்கும் தூரமாக வையுங்கள். டயர்த் தீயைத் தண்ணீர் இலகுவில் அணைக்காது. எரியும்போது கசியும் எண்ணெயைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். நம் மணல் நிலத்தில் அது கிணற்றுக்கு இறங்க அதிக நேரம் வேண்டாம். மணலால் மூடுவதே வழி, ஆகவே ஒரு மணல் கும்பி எப்போதும் பக்கத்தில் கிடக்கட்டும். யானை விரட்ட வயலில் டயர் கொளுத்தக் கேட்டு வருவோரின் கஷ்டம் நியாயமானது. இருந்தாலும் கொடுக்காதீர்கள், திறந்த வெளியில் குப்பை எரிப்பது 2017 செப்டெம்பர் முதல் தடை.

ஐப்பசி மழைக்கு முன் முதல் லொறி புறப்பட வேண்டுமென்றால், கடைகளின் பெயர்ப்பட்டியல் ஆவணியிலேயே தயாராக வேண்டும். லொறியில் ஏறுபவற்றின் எடையை உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள், ஏற்றுபவரின் துண்டிலும் எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
கழிவுச் சேகரிப்பிலும் டயர் மீள்பாவனையிலும் வேலை செய்வோர்,
மட்டக்களப்பு – கல்முனை