பட்டிங் கிரீனுக்கு அடியில் சிமெண்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீடு, மனை இணைப்பில், வீட்டின் பின்புறத்தில் செயற்கைப் புல்லால் பட்டிங் கிரீன், அதாவது கோல்ஃப் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விழச்செய்யும் (பட்டிங்) பயிற்சித் தளம், அமைத்துக்கொள்வது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விரிப்பின் தரம், நிறம், சதுர அடி விலை ஆகியவற்றை விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, விரிப்புக்கு அடியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது. கட்டுமானத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன், கோல்ஃப் ஆடுபவன் என்ற இரு வகையிலும் அந்த அடித்தளத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன். சென்னையைப் பொறுத்தவரை பந்து ஓடும் விதமும் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டமும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

செயற்கைப் பட்டிங் கிரீனை நான் எதிர்ப்பவன் அல்லன். பார் 72 கொண்ட மைதானத்தில், அதாவது பதினெட்டுக் குழிகளையும் 72 முறை பந்தை அடித்து முடிக்க வேண்டிய மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிப்புகள், சரிபாதி, பட்டிங்குக்கே உரியவை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அதிதி அசோக்கின் பெரும்பலம் பட்டிங்தான் என்பதை அப்போட்டியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். இந்தப் பயிற்சிக்கு மைதானத்துக்கே போக வேண்டியதில்லை. இருபது அடி நீளம் போதும். இயற்கைப் புல்லில் இதைச் செய்யலாமே என்று கேட்பவர்கள், கிரீனில் வளரும் பெர்முடா வகைப் புல்லை நாள்தோறும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்ட வேண்டும் என்பதையும், அதற்கென்றே தனி இயந்திரமும் பழகிய கையும் வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சாதாரண வீட்டில் அது நடக்காத காரியம்.

ஆனால், எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் கண்டது இது. ஒப்பந்தக்காரர் பின்புறம் முழுவதும், சுமார் 300 சதுர அடிக்கு, காங்கிரீட் போட்டு, அதன்மேல் விரிப்பை ஒட்டிக் கொடுத்துவிட்டார். வேலை சீக்கிரம் முடிந்தது. பார்வைக்கும் நன்றாகவே இருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் விரிப்பின் ஓரங்கள் மிதந்தன. காங்கிரீட்டிலேயே வார்த்துவிட்ட குழி, 108 மில்லிமீட்டர் அகலமும் நான்கு அங்குல ஆழமும் கொண்டது, வடிய வழியின்றித் தண்ணீர் நிறைந்து நின்றது. மழை விட்டபின் குனிந்து பார்த்தால் உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன. அந்தப் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2,800 லிட்டர் நீர் சேரும். அதுவரை மண்ணில் இறங்கிக்கொண்டிருந்த அவ்வளவு நீரும் தெருவுக்கு ஓடியது. 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரத்தில், இதைக் காணப் பொறுக்கவில்லை.

காங்கிரீட் ஆட்டத்துக்கும் உதவாது. தொலைவிலிருந்து தூக்கி அடிக்கும் பந்து அதன்மேல் விழுந்தால் நிற்காமல் துள்ளிப் போய்விடும். சரியான முறைக்குச் சிமெண்டே தேவையில்லை. ஐந்து, ஆறு அங்குலம் மண்ணை எடுத்துவிட்டு, அடிமண்ணைக் கெட்டித்து, நீர் புகும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரிக்க வேண்டும். அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லியை இரண்டு அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே பிளேட் காம்பாக்டர் என்னும் அதிரும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலாக ஒருமுறை ஓட்டினால் அடுத்த மழையில் பள்ளம் விழும். கடைசியாக ஓர் அங்குலம் சிறு கல் சிப்ஸ் பரப்பி, மட்டப்பலகை வைத்து வாட்டம் (சரிவு) பார்க்க வேண்டும். பத்து அடிக்கு ஒன்றரை முதல் மூன்று அங்குல வாட்டம் போதும். அதற்குமேல் சரித்தால் பந்து குழியருகே நிற்காது. குழிக்குள் பொருத்தும் கிண்ணத்தின் அடியில் துளை இருப்பதும், அதன்கீழ் ஒரு சாண் ஆழத்துக்கு ஜல்லி இருப்பதும் கட்டாயம்.

நீலாங்கரை, திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடங்களில் இவ்வளவே போதும். வேளச்சேரியைப் போலக் களிமண் உள்ள இடங்களில், ஜல்லிக்கு நடுவே துளையிட்ட பிவிசி குழாயைப் பதித்து, அதை மழைநீர்க் கிணற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். செலவு கூடும்; ஆனால் அதைத் தவிர்த்தால் ஜல்லியே நீர் தேங்கும் தொட்டியாகிவிடும்.

விரிப்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தோட்டத்துக்கென விற்கும் 35, 40 மில்லிமீட்டர் நீள இழைகளில் பந்து உருளாது. பட்டிங்குக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் போதும். இழைகளுக்கிடையே சிலிக்கா மணலைத் தூவித் துடைப்பத்தால் உள்ளே இறக்க வேண்டும். ரப்பர் துகள்களை யாரேனும் பரிந்துரைத்தால் ஏற்க வேண்டாம்: மழையில் அடித்துச் செல்லப்படும் அத்துகள்களை நுண்பிளாஸ்டிக் என்று கருதித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு அவற்றின் விற்பனைக்குத் தடை கொண்டுவந்து, எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. சித்திரை வெயிலில் செயற்கைப் புல் வெறுங்காலால் மிதிக்க முடியாத அளவுக்குச் சுடும். ஆகவே, ஆடத் தேவையான அளவுக்கு மட்டும் அமைத்து, கொல்லையில் நிற்கும் வேம்பையும் முருங்கையையும் இதற்காக வெட்டாமல் விட வேண்டும்.

இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது அடித்தளத்தின் குறுக்குவெட்டுப் படத்தையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீடு வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: விரிப்பை ஒட்டுவதற்கு முன்பே, ஜல்லித் தளத்தின்மேல் ரப்பர் குழாயால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எங்கேனும் குட்டை போல் நின்றால், அந்த இடத்தைப் பிரித்து மறுபடி இறுக்கிக் கொடுக்கும்வரை மீதித் தொகையைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர் ஒருவர்,
சென்னை.