பின்லாந்து – எஸ்டோனியா கல்விப் பயணம்: சனிக்கிழமை கூட்டம்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம்.

நவம்பர் பயணத்துக்கான ஆலோசனைக் கூட்டம் வரும் சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு, வழக்கமான இடத்தில். விசா வேலையை இனியும் தள்ளிப்போட முடியாது, எல்லோரும் அவசியம் வாருங்கள்.

1. பாஸ்போர்ட் அசலும் நகலும் வேண்டும். ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லையை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும்.

2. பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

3. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தடையின்மைச் சான்று எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

4. அங்குள்ள பள்ளிகளில் கேட்பதற்கு ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி வாருங்கள். பின்லாந்தில் பொதுவாக 45 நிமிட வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை 15 நிமிடம் வெளியே விளையாட விடுகிறார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து பாட நேரத்தில் கைப்பேசிக்குச் சட்டப்படி கட்டுப்பாடு. எஸ்டோனியாவோ 1996-லேயே 'புலிப் பாய்ச்சல்' திட்டம் தொடங்கி, பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொடுத்த நாடு. இரண்டுக்கும் நடுவே கப்பலில் 2 மணி நேரம்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைப்பது பெரிய வாய்ப்பு. எந்த ஆப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கும்போதே, அதை எப்போது மூடி வைக்கச் சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

5. அனுமதி இல்லாமல் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. இதில் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள்.

6. பல பள்ளிகளில் ஷூவை வாசலிலேயே கழற்ற வேண்டியிருக்கும். தடித்த சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் இரவு 8 மணிக்குள் 'வருகிறேன்' என்று இங்கே பதில் போடுங்கள். அப்புறம், சைவ உணவு வேண்டுமென்றால் அதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.