நாணய வித்தைகளின் வரிசையையும் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை முன்னிட்டுத் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒன்றாக வெளிவரும் நாணய வித்தைகளை முதல் வாரத்திலிருந்தே படித்து வருகிறேன். காவேரிப்பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நான், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருமண வரவேற்புகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும், எதிரே நிற்பவரின் கைக்கெட்டும் தொலைவில் நின்றுகொண்டு நாணயங்களை மட்டுமே வைத்து மேஜிக் செய்து வருகிறேன். தங்கள் பக்கத்தில் படங்கள் தெளிவாக இருக்கின்றன. விளக்கமும் சிறுவர்களுக்குப் புரியும் தமிழில் அமைந்திருக்கிறது. ஆயினும் இதுவரை வந்த ஆறு வித்தைகளையும் கற்றுத் தேர்ந்த ஒரு சிறுவன், அவற்றுள் எதை முதலில் காட்டுவது, எதோடு முடிப்பது என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் பதில் இல்லை. இதழில் வந்த வரிசையிலேயே அவன் ஆறையும் காட்டுவான். நான்காவது வித்தைக்குள் எதிரே நிற்பவர்கள் வேறு பேச்சுப் பேசத் தொடங்கிவிடுவார்கள். குறை அவனுடைய விரல்களில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? அதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சிறு வயதில் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அப்பாவுடன் போகும்போது, செப்பிடு வித்தைக்காரர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மூன்று பித்தளைச் செப்புகள், மூன்று துணிப் பந்துகள், ஒரு சாக்கு விரிப்பு. அவ்வளவுதான் அவருடைய முதல். ஒரு பந்து ஒரு செப்பிலிருந்து மறைந்து இன்னொன்றுக்குள் போகும். பிறகு இரண்டு பந்துகள் ஒன்றுசேரும். பிறகு மூன்றும் ஒரே செப்புக்குள் இருக்கும். அதன்பின் சற்று நிறுத்தி, தட்டை ஏந்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவார். காசு விழுந்த பிறகு மூன்று செப்புகளையும் ஒரே மூச்சில் தூக்குவார். பந்துகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று எலுமிச்சம்பழங்கள் உட்கார்ந்திருக்கும். அந்த எலுமிச்சம்பழங்களை அவர் முதலிலேயே காட்டியிருந்தால், அதன்பின் துணிப் பந்து எங்கே போனது என்று கேட்க அங்கே ஒருவரும் நின்றிருக்கமாட்டார்கள். வரிசை என்றால் என்ன என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான் என்றாலும், அது பாடம் என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

புரிய வைத்தது கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு திருமண வரவேற்பு. மணப்பெண்ணின் தாய்மாமனிடம் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வாங்கி, அதில் அவரையே பேனாவால் குறியிடச் செய்து, மறையவைத்து, கடைசியில் அவருடைய மூடிய கைக்குள்ளிருந்தே அதை எடுக்கவைத்தேன். கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்த உற்சாகத்தில் அடுத்ததாக ஒரு நாணயத்தை என் கையில் வைத்து மறைத்துக் காட்டினேன். ஒருவர்கூட வியக்கவில்லை, இரண்டு பேர் பந்திக்கு எழுந்து போனார்கள். பிறருடைய பொருளை, பிறருடைய கைக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, என் சொந்த நாணயம் என் சொந்தக் கையில் மறைவது அவர்களுக்கு ஒரு செய்தியே இல்லை. அடுத்த வாரம் வேறொரு மண்டபத்தில் அதே இரண்டு வித்தைகளை முன்பின்னாக மாற்றிச் செய்தேன். விரல் வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் இரண்டுமே எடுபட்டன.

தொடக்கம் பேச்சில்லாமல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாம் யார், என்ன செய்யப்போகிறோம் என்ற முன்னுரையைக் கேட்க ஒருவரும் காத்திருப்பதில்லை. வெறுங்கையைக் காட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாணயங்களை வரவழைத்தால் இருபது விநாடிகளுக்குள் மூன்று காரியங்கள் முடிந்துவிடுகின்றன: கை காலியாக இருந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள், இவர் வித்தைக்காரர் என்று தெரிந்துவிடுகிறது, அடுத்த வித்தைக்கு வேண்டிய நாணயங்களும் கைக்கு வந்துவிடுகின்றன. இந்த மூன்றாவதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. ஒரு வித்தை முடியும் நிலைதான் அடுத்த வித்தை தொடங்கும் நிலையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வித்தைக்கும் நடுவில் பைக்குள் கை போய்ப் போய் வந்தால், பார்ப்பவர்களின் வியப்பு முழுவதும் அந்தப் பைக்குள்ளேயே போய்விடும்.

நடுவில் வைப்பதற்கு, ஒரு கையிலுள்ள நாணயங்கள் ஒவ்வொன்றாக மறு கைக்குத் தாவும் வித்தையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. இடக்கையில் மூன்று இருந்தன, இப்போது இரண்டு, வலக்கையில் ஒன்று என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் கணக்கு. ஆனால் இந்த ஒரு வித்தைக்குள்ளேயே ஒரு வரிசை இருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி தாவினால், முதல் தாவலில் வியந்தவர் இரண்டாவதில் விரல்களைக் கவனிப்பார், மூன்றாவதில் கண்டுபிடித்துவிடுவார். பர்கூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இதைச் செய்தபோது, இரண்டாவது நாணயம் தாவியதும் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, “அண்ணா, அந்தக் கையையும் திறந்து காட்டுங்க” என்றாள். அந்த நொடியில் அந்தக் கையைத் திறக்க முடியாத நிலையில் இருந்தேன். ஏதோ பேசிக் கடந்தேன். கடந்தேன் என்பது அங்கிருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்தது.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல மாதங்கள் வித்தையை மாற்றி மாற்றி அமைத்தேன். முதல் தாவலின்போது அந்தக் கையின் மீது சிறிது சந்தேகம் விழும்படி நானே விட்டுவிடுகிறேன். இரண்டாவது தாவலை முற்றிலும் வேறொரு முறையில் செய்வதால், அந்தக் கேள்வி மனத்தில் எழும் நேரத்தில் அந்தக் கை உண்மையாகவே காலியாக இருக்கிறது. ஒருவர் வாய் திறப்பதற்கு முன்பே அதை விரித்துக் காட்டிவிடுகிறேன். மூன்றாவது நாணயம் என் கைக்கு வருவதே இல்லை, எதிரே நிற்பவரின் கைக்குள் போய்ச் சேர்கிறது. ஸ்பெயின் நாட்டு மேஜிக் கலைஞர் ஹுவான் தமரிஸ், பார்வையாளர் மனத்தில் எழக்கூடிய விடைகளை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே போக வேண்டும் என்று விரிவாகக் கற்பித்திருக்கிறார். அதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அந்தச் சிறுமி எனக்குக் கற்பித்துவிட்டாள்.

மேடையில் இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமையானதன்று. நாணயங்களின் அரசர் என்று பெயர் பெற்ற அமெரிக்கர் டி. நெல்சன் டவுன்ஸ் (1867–1938), காற்றிலிருந்து நாணயங்களைப் பிடித்துத் தொப்பிக்குள் போடும் ஒரே அதிசயத்தைத் திரும்பத் திரும்பச் செய்தே பெரிய அரங்குகளைக் கட்டிப்போட்டார். 1899ஆம் ஆண்டில் லண்டனின் பேலஸ் தியேட்டரிலும் அவருடைய நிகழ்ச்சி நடந்தது. உள்ளே விழும் ஒவ்வொரு நாணயத்தின் ஓசையும் தொகையைக் கூட்டிக்கொண்டே போவதால் அங்கே அலுப்புத் தட்டுவதில்லை. கைக்கெட்டும் தொலைவில் நமக்கு அந்தச் சலுகை கிடையாது. மறைதலுக்குப் பின் மறுபடியும் மறைதல் வரக்கூடாது. மறைதலுக்குப் பின் நிறம் மாறுதல், அதன்பின் இடம் மாறுதல் என்று அதிசயத்தின் வகையே மாற வேண்டும். தங்கள் பக்கத்தில் வந்த ஆறில் மூன்று, நாணயம் மறைவதுதான். முறை வேறு வேறு என்பது நமக்குத் தெரியும். பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான்.

வித்தைக்குள் ஒளிந்திருக்கும் கூடுதல் நாணயத்தை எப்போது அப்புறப்படுத்துவது என்பதும் வரிசையைச் சேர்ந்ததே. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த டோனி ஸ்லைடினி இதில் பேராசான். பார்ப்பவரின் கவனம் இறுகும் நேரம், தளரும் நேரம் என்று இரண்டு உண்டு. ஒரு அதிசயம் நிகழ்ந்து, எல்லாரும் சிரித்து, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கும் அந்தத் தளர்ந்த நொடியில்தான் அடுத்த அதிசயத்துக்கான வேலை முடிந்துவிட வேண்டும் என்பது அவர் வழி. ஆகவே ஒரு வித்தைக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள ஓய்வையும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

எந்த நாணயம் என்பதையும் தங்கள் பக்கம் சொல்லவில்லை. வெளிநாட்டு வித்தைகள் பலவும் 30.6 மில்லிமீட்டர் அகலமும் 11.34 கிராம் எடையும் உள்ள அமெரிக்க அரை டாலரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. நம் தாத்தாக்கள் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம், ஏறக்குறைய அதே அளவு. இன்றைய பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர்தான், எடையும் எட்டுக் கிராமுக்குக் குறைவு. சிறுவர்களின் கைக்கு அதுவே நல்லது. வெளிவட்டம் மஞ்சளாகவும் நடுவே வெள்ளையாகவும் இருப்பதால் சற்றுத் தள்ளி நிற்பவருக்கும் தெரியும். அந்த நாணயத்தை வாங்க மறுக்கும் கடைகள் இன்னும் நம் ஊர்ப்பக்கம் இருக்கின்றன என்பது ஒரு கடைக்காரனாக எனக்கு வருத்தம் தருவது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. நிறம் மாறும் வித்தைக்கு இரண்டு நாணயங்களும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். கல்லாப் பெட்டியில் தேடினால் 2011இல் வந்த வெள்ளை நிற இரண்டு ரூபாயும், 2019 வரிசையின் மஞ்சள் நிற ஐந்து ரூபாயும் இரண்டுமே 25 மில்லிமீட்டர் என்பது தெரியும். ஆனால் இவற்றின் ஓசை வேறு, எடையும் வேறு. ஆகவே காதுக்கு வேலை தரும் தாவல் வித்தையைப் பத்து ரூபாய் நாணயங்களோடு முடித்துவிட்டு, கண்ணுக்கு மட்டும் வேலை தரும் நிறமாற்றத்தை வேறாக வைத்துக்கொள்வதே நல்லது.

நிற்கும் இடமும் வரிசையை மாற்றும். மேசை முன் உட்கார்ந்து செய்யும் வித்தைகள் வரவேற்பு மண்டபத்தில் உதவாது. சந்தை போல நாற்புறமும் ஆட்கள் சூழ்ந்தால் பின்னால் நிற்பவர் எதைப் பார்ப்பார் என்று எண்ணியே பாதி வித்தைகளைக் கழித்துவிட வேண்டியிருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த வாரம் ஏழாவது வித்தை ஒன்றை வெளியிடாமல், வந்த ஆறிலிருந்து மூன்றை மட்டும் எடுத்து ஐந்து நிமிடத் தொடராகக் கோத்துக் காட்டுங்கள். இரண்டாம் வாரம் வந்த, வெறுங்கையிலிருந்து நாணயம் வரவழைக்கும் வித்தை முதலில் வரட்டும். ஐந்தாம் வாரத்துத் தாவல் நடுவில் வரட்டும். முதல் வாரமே தாங்கள் வெளியிட்டுவிட்ட, பார்ப்பவரின் கைக்குள் நாணயம் சேரும் வித்தை கடைசியில் வரட்டும். ஒவ்வொன்றும் முடியும்போது எந்தக் கையில் எத்தனை நாணயங்கள் இருக்க வேண்டும் என்பதைத் தங்கள் ஓவியர் ஒரு படமாக வரைந்து கொடுத்தால் போதும். புதிதாக எந்த ரகசியத்தையும் வெளியிட வேண்டியதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் ஒத்திகை பார்க்கப் பிள்ளைகளுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.